நின்னா அணைஞ்சுபோற காரு

"காரா? எங்கூட்டுலயா? அது காரு இல்லடி, கோழி முட்டை வெக்கிற எடம். நான் எட்டு மணி பஸ்லயே வந்தர்றேன்."

இப்படின்னு ஒரு பொண்ணு, சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்ன சிநேகிதிகிட்டச் சொன்னா. அது யாரு காதுல விழுந்துச்சு தெரியுமா? அந்தக் காருக்கு அடியில மல்லாக்கப் படுத்திருந்த அவ அப்பா காதுல.

இரு இரு, முதல்ல இருந்து சொல்றேன். போத்திக்கோ. நடுவுல நடுவுல ம் கொட்டணும், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு திருமூர்த்தி இருந்தாரு. பொள்ளாச்சிக்குப் பக்கத்துல ஊரு. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு விக்கிற கடை. அவருக்கு ஒரே ஒரு ஆசை, காரு. புதுக் காரு இல்ல, வெள்ளைக்காரன் காலத்துக் காரு. தவளை மாதிரி முழி. பானை மாதிரி வயிறு. ரெண்டு பக்கமும் ஏறி நிக்கிறதுக்குப் படிப்பலகை. மலை மேல ஒரு எஸ்டேட்டுல மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு கிடந்ததை, டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்துட்டு வந்து பொடக்காளியில நிறுத்துனாரு. பொடக்காளின்னா வீட்டுக்குப் பின்னாடி, செடி கொடி இருக்குமே, அந்த எடம்.

அப்புறம் என்ன, தெனமும் கடை சாத்தினதும் டொக்கு டொக்கு டொக்கு. ஞாயித்துக்கிழமைன்னா டங்கு டங்கு டங்கு. துரு சுரண்டுறப்போ கர்ரக் கர்ரக். தெரு நாயெல்லாம் வேற தெருவுக்குக் குடிபோயிருச்சு.

கிடைக்காத சாமானுக்குப் பதிலா கிடைச்ச சாமானைப் போட்டாரு. கதவுக்கு பீரோ கைப்பிடி. டேங்கு ஓட்டையாப் போனதுக்கு ஒரு ஸ்கூட்டர் டேங்கு. ஹாரனுக்கு ஐஸ்காரரோட ரப்பர் பீப்பீ. மேக்கூரை துருப்பிடிச்சு உதிர்ந்துச்சா, முழுசா வெட்டி எடுத்துட்டு தார்ப்பாயைக் கட்டிவிட்டாரு. மழைத்தண்ணி துடைக்கிற குச்சிக்கு ஒரு கயிறு. உள்ள இருந்து இழுத்தா இந்தப் பக்கம் வரும், விட்டா அந்தப் பக்கம் போகும்.

"அதுக்கு மோட்டார் இல்லியா சித்தி?"

கைதான் மோட்டார். ம் சொல்லு.

"ம்."

அவருக்கு ஒரே பொண்ணு, சாந்தாமணி. அவ சின்னப் பொண்ணா இருக்கிறப்பவே அவரு வாக்குக் குடுத்துட்டாரு. "நீ வேலைக்குப் போற மொத நாள் நம்ம காருலதான் கண்ணு போறே"ன்னு. அவளும் அதை நம்பி வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. அப்புறம் அவ பள்ளிக்கூடம் முடிச்சா, காலேஜ் முடிச்சா. காரு மட்டும் பொடக்காளியிலேயே இருந்துச்சு. "என்ன சாந்தா, காரு வருதா?"ன்னு பாக்கிறவங்கெல்லாம் சிரிப்பாங்க. அவளும் கூடச் சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்துக்குவா.

இப்போ உடுமலையில டீச்சர் வேலை கிடைச்சு, திங்கக்கிழமை போய்ச் சேரணும். அந்த நேரத்துலதான் கோழி முட்டைப் பேச்சு. திருமூர்த்தி மூக்கு மேல காரு எண்ணெய் சொட்டுச்சு, சொட்... சொட்... அவரு துடைக்கல. பொண்ணு உள்ள போற வரைக்கும் மூச்சு விடாமப் படுத்திருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு, "திங்கக்கிழமை இந்தக் காரு ஓடும்"னு கோழிகிட்டச் சொன்னாரு. வேற யாரும் பக்கத்துல இல்ல.

எஞ்சினை ஒருவழியா உறும வச்சுட்டாரு. ஆனா பாரு, கழட்டிப் போட்ட சாமான்ல மூணு, வீட்டுக்குள்ள போய் வேற வேலைக்குச் சேந்திருச்சு.

முதல்ல, பின்னாடி பாக்கிற கண்ணாடி. அது குழாயடிக் கம்பத்துல தொங்குது. அவரு சம்சாரம் அதைப் பாத்துத்தான் பொட்டு வைப்பாங்க.

"ஏனுங்க, அதைக் குடுத்துட்டா நான் எதைப் பாத்து வெக்கறது?"

"காருக்கு வேணுமே."

"அப்ப என்ற மூஞ்சி தெரியற மாதிரி மாட்டுங்க."

"பின்னாடி வர்ற வண்டி தெரியாதே!"

"பின்னாடி வர்றவன் பாத்து வருவான்."

சரின்னு அப்படியே மாட்டிட்டாரு.

ரெண்டாவது, சக்கரத்துக்கு நடுவுல மூடுற வீல் கப்பு. அதை அவரு அம்மா தயிர்ச்சட்டிக்கு மூடி ஆக்கிட்டாங்க. "தள்ளித் தள்ளிப் பாத்துட்டு அந்தப் பூனை போயே போச்சு, நான் குடுக்க மாட்டேன்"ன்னு சட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் எந்திரிச்சுப் போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துட்டு வந்தாங்க. அதுல பேரு வெட்டியிருக்கு, 'தாய்மாமன் சீர், ஆனைமலை'ன்னு.

"அம்மா, சோறு திங்கற தட்டையா சக்கரத்துல மாட்டறது?"

"மாட்டுடா. உன்ற கல்யாணத்துக்கு உங்க மாமன் செஞ்ச மொத்தச் சீரும் இதான். நாலு ஊரு பாக்கட்டும்."

மூணாவதுதான் பெரிய கஷ்டம். பின் சீட்டு. அதை அவரு அப்பா, அதான் சாந்தாமணி அப்பாருன்னு கூப்பிடுற தாத்தா, வீட்டு முன்கூடமான ஆசாரத்துல போட்டு, காலை நீட்டிப் படுத்துட்டாரு. யாரு வந்தாலும் காலை மடக்க மாட்டாரு. ஒறம்பரைன்னு வந்த சொந்தக்காரங்கெல்லாம் நின்னுட்டே காப்பி குடிச்சுட்டுப் போவாங்க.

"அப்பா, கொஞ்சம் எந்திரிங்க."

"எந்திரிச்சா இடுப்பு புடிச்சுக்கும்."

"சீட்டு வேணுமுங்க."

"ஓடாத காருக்கு என்னத்துக்குடா சீட்டு?"

காலையில ஒருக்கா கேட்டாரு, மத்தியானம் கேட்டாரு, விளக்கு வச்சப்புறம் கேட்டாரு. மனுசன் அசையல. அப்போ திருமூர்த்தி என்ன பண்ணாரு? கடையில மூட்டை தூக்குற ஆளுங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, அப்பாரோட சேத்தே சீட்டைத் தூக்கி, பல்லக்குல சாமி போற மாதிரிக் கொண்டுபோய், தார்ப்பாயை அவுத்துட்டு மேக்கூரை வழியா மெதுவா உள்ள இறக்கிட்டாரு. அப்பாரு கண்ணைக்கூடத் திறக்கல.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

திங்கக்கிழமை. காரு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல தெருவுல நிக்குது. முன்னாடி சம்சாரம், கண்ணாடியில பொட்டைச் சரி பண்ணிட்டு. பின்னாடி அப்பாரு, காலை நீட்டிட்டு. அவரு கால்மாட்டு ஓரத்துல திருமூர்த்தியோட அம்மா, 'நாலு ஊரு பாக்குதா'ன்னு எட்டி எட்டிப் பாத்துட்டு. சாந்தாமணி கஞ்சி போட்ட சேலை, தோள்ல பையோட பஸ் ஸ்டாப்புல நிக்கிறா.

"ஏறு கண்ணு."

"ஸ்டார்ட் ஆகட்டும்ப்பா, ஏறிக்கறேன்." ஆகவே ஆகாதுன்னு அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூட்டைக்காரங்க நாலு பேரும் தள்ளுனாங்க. கர்ர்ர்... டப். நின்னுருச்சு. மறுபடியும் தள்ளுனாங்க. கர்ர்ர்ர்... புஸ். நின்னுருச்சு. டீக்கடையில உக்காந்திருந்தவங்க டம்ளரை வச்சுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாங்க. மூணாவது தடவை ஒரே தள்ளு. கர்ர்ர்ர்ர்... டப்... டப்... டமார்! வேப்பமரத்துக் காக்கா அத்தனையும் பறந்துச்சு. டபடபடபடபன்னு காரு கிளம்பிருச்சு!

தள்ளுனவங்க ரோட்டுலயே உக்காந்துட்டாங்க. "இனி சாமியே வந்து சொன்னாலும் எங்களால ஆகாதுங்க!"

அப்பத்தான் திருமூர்த்திக்கு உறைச்சுது. இந்தக் காரு ஓடிட்டே இருந்தா ஓடும். நிறுத்துனா அணைஞ்சுபோயிரும்.

"அப்போ உடுமலையில எப்படி நிறுத்துவாரு?"

அதை அவரு இன்னும் யோசிக்கவே இல்ல. கேளு.

பஸ் ஸ்டாப்பு மாரியம்மன் கோயிலுக்கு முன்னாடி இருக்கு. கோயிலைச் சுத்தி ரோடு. அவரு மெதுவா ஓட்டிட்டு வந்து, பீப்பீ பீப்பீன்னு அமுக்கி, "ஏறு கண்ணு! நிறுத்த முடியாது, அப்படியே ஏறிக்கோ!"ன்னு கத்துனாரு. சாந்தாமணி யாரு வீட்டுக் காரோன்னு வானத்தைப் பாத்துட்டு நின்னா. காரு தாண்டிப் போயிருச்சு. சக்கரத்துல ஆனைமலை ஆனைமலைன்னு தட்டு சுத்துது.

திருமூர்த்தி கண்ணாடியைப் பாத்தாரு. அதுல பொட்டுதான் தெரிஞ்சுது. "என்ன பண்றா?"

சம்சாரம் திரும்பிப் பாத்துட்டு, "அந்தாண்ட பாக்கறாளுங்க"ன்னாங்க.

கோயிலைச் சுத்தி மறுபடி வந்தாரு. டபடபடப. "ஏறு கண்ணு!" இந்தத் தடவை அவ ரெண்டு எட்டு முன்னாடி வந்தா. அப்போ டீக்கடையில இருந்து ஒருத்தர், "சாமி ஊர்வலம் வருது, தேங்காய் உடைங்கப்பா!"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ பின்னாடி போயிட்டா.

"இப்ப?"

"தலையக் குனிஞ்சுட்டு நிக்கறாளுங்க."

திருமூர்த்தி ஸ்டியரிங்கை மறுபடி கோயில் பக்கம் திருப்புனாரு. காதுல டபடபன்னு சத்தம். பின் சீட்டுல என்னமோ நறநறன்னு கேட்டுச்சு. அப்பாரு முனகிட்டே காலை மடக்குறாரு. ஒரு ஆளு உக்கார எடம் விட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி மறுபடி கண்ணை மூடிட்டாரு.

மூணாவது சுத்து. அப்போ பாத்து பாம்ம்ம்னு எட்டு மணி பஸ் வந்து நின்னுருச்சு. சன்னல்ல, அன்னைக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்ன சிநேகிதி விசாலா, முன் ஸ்டாப்புலயே ஏறி உக்காந்திருக்கா. "சாந்தா! எடம் போட்டு வெச்சிருக்கேன், ஏறுடி!" சாந்தாமணி கம்பியைப் பிடிச்சு ஒரு காலைப் பஸ் படியில வச்சுட்டா. கண்டக்டர் விசிலை வாயில வச்சுட்டாரு.

காரு பஸ்ஸைத் தாண்டி மெதுவாப் போச்சு. திருமூர்த்தி இந்தத் தடவை கூப்பிடல. பீப்பீ அடிக்கல. நேராப் பாத்துட்டே ஓட்டுனாரு.

கண்டக்டர் விசில் ஊதினாரு.

சாந்தாமணி காலைக் கீழ வச்சா. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்தா. கொசுவத்தைத் தூக்கி இடுப்புல செருகிட்டு, டீக்கடைக்கு முன்னாடியே தபதபதபன்னு ஓடி, படிப்பலகையில தாவி ஏறிட்டா.

அவ்வளவுதான். காரு போயிருச்சு, கதையும் அதுல ஏறிப் போயிருச்சு. நீ கண்ணை மூடு.