வழுக்குப்பாறை இறக்கம்

ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் இரண்டு ஜீப்புகளில் ஒன்றை எஸ்தர் ஓட்டினாள். இன்னொன்றை ஓட்டிய தவசிமுத்து அவளிடம் மலைப்பாதைத் தொழில் பழகிக்கொண்டிருந்தார். குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. கீழே டவுன் பஸ் ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர்.

தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் வழுக்குப்பாறை என்றொரு இறக்கம். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் களிமண்ணும் உருட்டுக்கல்லும். எஸ்தரின் ஜீப்பில் வருகிற பெண்கள் அங்கேகூட ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவார்கள். தவசிமுத்துவின் ஜீப் என்றால், இறக்கத்தின் தலையிலேயே நிறுத்தச் சொல்லி, தூக்குச்சட்டியோடு இறங்கி நடப்பார்கள். முதலில் இறங்குகிறவள் பேச்சியம்மாள். அவருடைய மனைவி.

ஊரே இறங்கியிருந்தாலும் மனிதர் தாங்கியிருப்பார். இதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தரிடம் போய் நின்றார்.

"தாயி, எம்பொண்டாட்டியே என்னைய நம்ப மாட்டேங்குறா. நான் என்ன செய்யணும்?"

"வண்டிய எடுங்கண்ணே."

காலி ஜீப் இறக்கத்தின் தலைக்கு வந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கம்பியைப் போடச் சொன்னாள். முதல் கியரில் கிளட்ச்சை விடச் சொன்னாள். ஜீப் எருமை மாதிரி மெல்ல நகர்ந்தது.

"இப்ப சம்மணம் போட்டு உக்காருங்க."

"சம்மணமா? அப்ப பிரேக்கு?"

"அது அங்கனயேதான் இருக்கும்."

கால்களை மடக்கிக்கொண்டார். பாதி இறக்கத்தில் ஜீப்பின் பின்பக்கம் லேசாக நழுவியது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! கால் தானாகப் பாய்ந்து பிரேக்கை அமுக்கியது. நாலு சக்கரமும் சுழலாமல் நின்றன. ஜீப் மட்டும் நிற்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து வழுக்கியது.

"கால எடுங்கண்ணே." எஸ்தரின் குரல் உயரவில்லை.

செத்தோம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தார். சக்கரங்கள் உருண்டன. உருண்டதும் கல்லைப் பிடித்துக்கொண்டன. ஸ்டியரிங் மறுபடி சொன்ன பேச்சு கேட்டது.

அடிவாரத்தில் அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்திருக்கும்.

"நிக்கத்தானே தாயி மிதிச்சேன். பிறகு ஏன் அது ஓடுச்சு?"

"திரும்ப மேல ஏத்துங்க."

பொழுது சாயும்வரை ஏற்றினார், இறக்கினார். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள். ஒரு வார்த்தை விளக்கவில்லை.

மறுநாளும் பெண்கள் இறங்கித்தான் நடந்தார்கள். தவசிமுத்து கெஞ்சவில்லை. கால்களை பிரேக் மிதியிலிருந்து பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு ஜீப்பை அதன் போக்கில் இறக்கினார். கதவில்லாத ஜீப். கூட நடக்கிறவர்களுக்கு ஓட்டுகிறவரின் கால் நன்றாகத் தெரியும். பேச்சியம்மாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்படிப் பல நாள் நடந்தாள்.

சாரல் அடித்த ஒரு மாலையில் ஜீப் இறக்கத்தின் தலையில் நின்றது. எல்லோரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சும்மா போங்க," என்றாள் புருஷனிடம்.

ஒருத்தியும் இறங்கவில்லை.

அன்றைக்கு ஓட்டியதுபோல் தவசிமுத்து வாழ்நாளில் ஓட்டியதில்லை. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு நழுவல் இல்லை. அடிவாரம் வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்க்க ஆசை ஆசையாகத் திரும்பினார்.

பேச்சியம்மாள் தூக்குச்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும்தான்.

மறுநாள் காலையில் மறுபடியும் எஸ்தரிடம் போய் நின்றார்.

"அம்புட்டு நல்லா ஓட்டுனேன் தாயி. ஒருத்தியும் பாக்கல."

எஸ்தர் தன் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லண்ணே," என்றாள்.