குழிக்குள் கேட்ட மணி

முன்னொரு காலத்தில் உத்தமகேது என்றொரு மன்னர் இருந்தார். வேட்டையில் காட்டெருமையை வீழ்த்தி, ஊரெல்லாம் முரசறையச் சொன்னவர், அன்றே நடுங்கத் தொடங்கிவிட்டார். எந்தத் தீயைப் பார்த்தாலும் அந்த எருமையின் சிவந்த கண்கள் தெரிந்தனவாம். அரண்மனையில் விளக்குகூட ஏற்றவில்லை. மாவீரரின் நிலை அப்படி!

விகடகவி தேனப்பன்மேல் வயிறெரிந்துகொண்டிருந்த வேட்டைத் தலைவர் மழவராயருக்கு இதுதான் சமயம்.

"அரசே, கொன்ற எருமையின் இறைச்சியை உண்டால் அச்சம் தீரும். தேனப்பன் சமைக்கட்டும். ஏமாற்றாதபடி இந்தச் சபையில், தங்கள் கண்ணெதிரே சமைக்கட்டும். தீ மட்டும் தங்கள் கண்ணில் படலாகாது."

"நன்று," என்றார் மன்னர். "நாளை மாலைக்குள் இறைச்சி எலும்பைவிட்டுக் கழன்று வரவேண்டும், தேனப்பா. இல்லையேல் உன் தலை கழன்றுவிடும்."

மறுநாள் மன்னர் வருமுன்பே தேனப்பன் சபையின் தரைக்கல்லைப் பெயர்த்துக் குழி வெட்டினான். தணலைக் கொட்டிச் சாம்பலால் மூடினான். நீறு பூத்த நெருப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? மன்னர் அமர்ந்ததும், இறைச்சியும் கருணைக்கிழங்கும் சின்ன வெங்காயமும் மிளகும் நிறைந்த பானையை மூடியால் மூடி, விளிம்பை மாவால் அடைத்து, குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளினான்.

"கண்ணெதிரேதான் வேகிறது, அரசே. தீ தெரிகிறதா?"

மன்னர் இல்லையென்று தலையாட்டினார். மழவராயர் பல்லைக் கடித்தார்.

நண்பகல் தாண்டியது. மண்ணுக்கடியில் 'தொக், தொக்' என்று ஏதோ உதைத்தது. பிறகு மெல்ல, 'கிணிங்... கிணிங்...' என்று கேட்டது.

மழவராயர் அலறி எழுந்தார். "அந்த மணியை நான்தானே அறுத்துக் கிணற்றில் போட்டேன்!"

"காட்டெருமைக்கு ஏது கழுத்துமணி, ஐயா?" என்றான் தேனப்பன்.

மழவராயர் மன்னரின் காலில் விழுந்தார். "பொறுத்தருளுங்கள், அரசே! அது உழவன் ஒருவனின் ஏர் எருமை. தங்கள் அம்பு தவறக் கூடாதென்று நான்தான் திருடிவந்து புதரில் கட்டிவைத்தேன்."

மன்னருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாலையில் பானையைத் திறந்தார்கள். விரல் பட்டதும் இறைச்சி எலும்பைவிட்டு நழுவியது. தேனப்பனின் தலை தப்பியது. ஒரு கவளம் உண்ட மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏர் எருமைக்கா பயந்தேன்! உழவனுக்கு ஒரு சோடி எருமை கொடுங்கள். அவை பழகும்வரை மழவராயர் ஏர் இழுக்கட்டும். தேனப்பா, இந்த முத்துமாலை உனக்கு. பானைக்குள் மணியைப் போட்டாயே, பலே!"

தேனப்பன் சிரிக்கவில்லை. "உதைத்தது பானை மூடி, அரசே. மணி எதையும் நான் போடவில்லை."

பானையை அடிவரை துழாவினார்கள். கிழங்கும் வெங்காயமும்தான் இருந்தன.

மன்னர் இன்னும் உரக்கச் சிரித்தபடி மாலையைக் கழற்றிக் கொடுத்தார். ஆனால் அன்றைக்கே, இருட்டுமுன், உழவன் வீட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு சோடி எருமைகள் போய்ச் சேர்ந்தன.