தேன் மண்டிக்குக் கணக்குப்பிள்ளை தேவை

ஒரு காட்டில் அமிர்தவல்லி என்று ஓர் உடும்பு இருந்தது. கல்லூரியில் கணக்குப் படித்துப் பட்டம் வாங்கிய உடும்பு. வேலைதான் இல்லை. போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி.

"முன் அனுபவம் இருக்கா?"

நேற்றுப் படிப்பை முடித்த பிள்ளைக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? மரத்திலா காய்க்கும்? வேலை கொடுத்தால்தானே அனுபவம்! இது எந்த முதலாளியின் மண்டையிலும் ஏறவில்லை.

"மழைக்கு முன்னாடி வேலை கிடைச்சாகணும். இல்லேன்னா சித்தப்பாவோட புற்று தோண்டப் போ!" என்று அப்பா உடும்பு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அமிர்தவல்லிக்கோ தூசி பட்டாலே தும்மல் நிற்காது. அழுகையாக வந்தது.

அப்போதுதான் கரடி பொன்னையாவின் தேன் மண்டிக்குக் கணக்குப்பிள்ளை தேவை என்று தெரிந்தது. தேனீக்கள் தேன் கொடுக்கும். கரடி விற்றுத் தரும். லாபம் பாதிப் பாதி. கரடியிடம் தேனை ஒப்படைத்த அந்த அதிபுத்திசாலி யாரோ, தெரியவில்லை! அந்த வேலைக்கும் நீண்ட அனுபவம் கட்டாயமாம்.

"இருக்குன்னு எழுதித் தள்ளு! யாரு போய் விசாரிக்கப் போறாங்க?" என்றது கூடப் படித்த குரங்கு மாணிக்கம்.

அமிர்தவல்லி எழுதித் தள்ளியது. சிங்க மாளிகைக் களஞ்சியத்தில் பல வருஷம் கணக்குப் பார்த்ததாம்! வயது என்ன, வருஷம் என்ன என்று கரடி யோசித்தே பார்க்கவில்லை.

"அடேங்கப்பா, சிங்க மாளிகையா! அங்கே பார்க்காததையா இங்கே பார்த்துடப் போறே? வெள்ளிக்கிழமை ராணித் தேனீ கணக்குக் கேட்க வருது. வழக்கம்போல முடிச்சுடு!" என்று சொல்லிவிட்டுக் கண்ணடித்தது.

கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தது அமிர்தவல்லி. வழக்கம் என்றால் என்ன வழக்கம்? கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. கணக்கில் இருக்கும் தேன் கிடங்கில் இருக்கிறதா என்று பார்க்கப் போனது.

இல்லை! பாதிப் பானைகள் நக்கித் துடைத்துக் கிடந்தன.

உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடுமா? வாசலில் போன எறும்பை மறித்தது.

"தேனை நீங்கதான் தின்னீங்களா?"

"நல்லா இருக்கே கதை! நாங்க எப்படி உள்ளே போறது? பொன்னையாதான் தினமும் பானைக்குள்ளே தலையை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே!" என்று சீறியது எறும்பு.

மாளிகைக் கணக்குப்பிள்ளைகள் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுவார்கள் போல என்று நினைத்து, அமிர்தவல்லியும் அப்படியே எழுதிவிட்டது.

வெள்ளிக்கிழமை ராணித் தேனீ படையோடு வந்தது. அமிர்தவல்லி கணீரென்று படித்தது.

"வந்த தேனில் பாதி விற்பனை. மீதி முதலாளியின் வயிற்றில் இருப்பு!"

"ஐயையோ!" என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது. "போன கணக்குப்பிள்ளை, வெயில்ல ஆவியாப் போச்சுன்னு எவ்வளவு அழகா எழுதுவான்! அனுபவம் இருக்குன்னு சொன்னியே, படுபாவி!"

"அது பொய் முதலாளி! எனக்கு அனுபவமே கிடையாது!"

அவ்வளவுதான். தேனீக்கள் பாய்ந்தன. பொன்னையா குளத்தில் போய் விழுந்தது. மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அமிர்தவல்லி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பியது. வேலை போச்சு. இனிமேல் புற்றுதான், தும்மல்தான்.

"எங்கே போறே?" என்றது ராணித் தேனீ.

"நானும் பொய் சொல்லித்தானே சேர்ந்தேன், மகாராணி."

"காதுல விழுந்துச்சு. அதுக்கு முதல் மாசம் அரைச் சம்பளம்தான். இன்னொரு பொய் சொன்னே, கொட்டிடுவேன்! மண்டியை இனிமே நாங்களே நடத்திக்கறோம். போய்க் கணக்கைப் பாரு!"

சின்ன வேலைக்கு மலையளவு அனுபவம் கேட்கும் முதலாளியிடம், எதில் அனுபவம் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வேலையில் சேர வேண்டும்.