முதுகில் விழுந்த கல்

மடத்தில் அவதானம் பயின்றவர்களில் ஆதிமூலம்தான் வயதில் மூத்தவர். குரு தில்லைநாயகமே அவருக்கு இளையவர். தைப்பூசத்தன்று அவையில் தேர்வு. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் பின்னால் நின்று முதுகில் சிறு கற்களை எறிவார். பாட்டையும் கட்ட வேண்டும், கணக்கையும் போட வேண்டும், விழுந்த கல் எத்தனை என்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் கல்லில் தவறிவிட்டார். இந்த முறையும் தவறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மனிதர் என்ன செய்தார்? நந்தவனத்துக் கோடி அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரிலிருந்து மனைவியே வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும்படி மடத்து வாசல் காவலரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். ஆளரவமே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு, ஊரே கூடும் அவைக்கு ஆயத்தமானார். வேடிக்கைதான்.

சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். பேசாமல் பேசாமல் குரல் கம்மிப்போயிற்று. பல்லி கத்தினால்கூட யாரோ கூப்பிட்டதாகத் திரும்பிப் பார்ப்பார். பாவமாக இருக்கும்.

பூசம் நெருங்கிய ஒரு மாலையில் குரு வந்தார்.

"பாடமெல்லாம் தலைகீழாய் வருகிறது, சுவாமி. மனசு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. அதை எப்படித் தயார் செய்வது?"

குரு முற்றத்தில் ஒரு பிடி கல் பொறுக்கிவந்து அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எறிந்தபடியே ஊர்க்கதை பேசினார். மழை பெய்ததைச் சொன்னார், மடத்துப் பசு கன்று போட்டதைச் சொன்னார். ஆதிமூலம் பிசகாமல் எண்ணிக்கொண்டே வந்தார்.

பிறகு, நேற்று உச்சி வெயிலில் ஓர் அம்மாள் புளிச்சோற்றுத் தூக்கோடு வந்ததையும், ஆதிமூலத்தின் மனைவி என்று சொல்லியும் காவலர் விடாததையும், பொழுது சாயும்வரை அவர் வாசலிலேயே நின்றதையும் அதே குரலில் சொன்னார். கல் விழுந்துகொண்டே இருந்தது.

"எத்தனை?" என்றார் குரு.

ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணிக்கை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"அவள் சாப்பிட்டாளா, சுவாமி?"

குரு கையில் மிச்சமிருந்த கற்களைத் தரையில் வைத்தார்.

"சத்திரத்தில்தான் இருக்கிறார். நீரே போய்க் கேட்டுவிட்டு வாரும். கல் எங்கேயும் போய்விடாது."