சரி என்றொரு பட்டன்

“டீச்சர், டேஷ்போர்டு பச்சையாத்தான் இருக்குது. முட்டைதான் சில்லுனு கிடக்குது,” என்றார் செங்கோட்டுவேல்.

பூவிழி டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

“உக்காருங்கண்ணா.”

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கீழே தையல் கடை. மேலே மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடம்தான், ஆனால் ஊரில் அதை மடம் என்பார்கள். டீச்சர் பேசுகிற பேச்சு அவ்வளவு குறைவு. கேள்வியோடு மேலே ஏறியவர்களில் பாதிப் பேர் பதிலோடு இறங்குவார்கள். மீதிப் பேர் டீ குடித்துவிட்டு இறங்குவார்கள்.

அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அவரோ மூத்த மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவர். ஆனாலும் அவர்தான் சிஷ்யன். அதில் ரெண்டு பேருக்குமே சங்கடம் கிடையாது.

செங்கோட்டுவேலுக்குக் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை. அங்கே ஆளுயரத்துக்கு இரும்புப் பெட்டிகள் நிற்கும். உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. கோழி உட்கார்ந்து செய்கிற வேலையைப் பெட்டி நின்றுகொண்டே செய்யும். சூடு மட்டும் இறங்கவே கூடாது. இறங்கினால் உள்ளே இருக்கிற உயிருக்கு ஆகாது.

எந்தப் பெட்டி எவ்வளவு சூடு என்று காட்டச் சுவரில் டேஷ்போர்டு மாட்டச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சியவர் அவர்தான். சூடு இருந்தால் பச்சை. இறங்கினால் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது சிவக்கிற நேரம் பார்த்து, பார்க்க வேண்டிய ஆள் டீக்கடையில் இருப்பான்.

அதற்காகப் போனில் மணி அடித்துக் கூப்பிடுகிற அலர்ட் ஆப் ஒன்று வந்தது. டேஷ்போர்டு சுவரில் தனியாகச் சிவந்துகொண்டிருந்தது. ஆப் போனில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ரெண்டையும் சேர்த்துவைக்க ஒரு பிளகின் போதும் என்று சொல்லி, அதைப் போடவும் கற்றுக்கொடுத்தவள் பூவிழி. பிளகின் என்றால் ரெண்டு வீட்டுக்கும் நடந்து சேதி சொல்கிற கல்யாணத் தரகர் மாதிரி. இங்கே சிவந்தால் அங்கே மணி அடிக்கும். அங்கே ஆப்பில் வருகிற பட்டனை அமுக்கினால் இங்கே நிறம் மாறும்.

“பிளகின் வேலை செய்யுதுங்களா?” என்றாள் டீச்சர்.

“அது பாட்டுக்குச் செய்யுதுங்க. நேத்து மத்தியானம் மூணாம் பெட்டி இறங்கிருச்சு. மணி அடிச்சிருக்குது. பெட்டியைப் பார்த்துக்கிற நம்ம மருதையன் பட்டனை அமுக்கியிருக்கான். டேஷ்போர்டு பச்சையாயிருச்சு. நானும் அதைப் பார்த்துட்டு நிம்மதியாச் சோறு தின்னுட்டு வந்து கதவைத் தொடுறேன், பானைத் தண்ணியாட்டம் இருக்குது.”

“ஐயோ. முட்டை?”

“தப்பிச்சிருச்சுங்க. முதலாளி காதுக்குத்தான் போயிருச்சு. வெள்ளிக்கிழமை நானே வந்து நிப்பேன், அன்னைக்கும் இது பொய் சொன்னா இதையும் கழட்டிட்டு உன்னையும் தீவனக் குடோனுக்கு மாத்திருவேன்னுட்டாரு.” அவர் குரல் இறங்கியது. “மூட்டை தூக்குறதுக்கெல்லாம் நான் பயப்படலீங்க. குஞ்சுச் சத்தம் கேக்காம என்னால இருக்க முடியாது டீச்சர்.”

“பட்டன்ல என்ன எழுதியிருக்குது?”

“இங்கிலீஷ்ல என்னவோ நீளமா இருந்துச்சுங்க. பசங்களுக்குப் புரியட்டும்னு நான்தான் ‘சரி’ன்னு மாத்தி வெச்சேன். அதை அமுக்கினா என்ன நிறம் காட்டணும்னு பிளகின் கேட்டுச்சு. சரின்னா பச்சைதானுங்களே?”

டீச்சர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

“டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.”

“சரிங்கண்ணா.”

அவள் எழுந்திருக்கவில்லை. விசைப்பலகையில் இருந்த தூசியை ஊதினாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“டீச்சர், தண்ணி.”

“சரிங்கண்ணா.”

மறுபடியும் ஊதினாள்.

“சரி சரின்னா எப்புடிங்க? தொண்டை காயுது.”

“அதான் சரின்னு சொல்லிட்டேனே. இன்னுமா காயுது?”

செங்கோட்டுவேல் வாயைத் திறந்தார்.  அப்புறம் நெற்றியில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டார்.

“அடக் கெரகமே! காதுல விழுந்தாலும் சரிங்கறோம், காரியம் முடிஞ்சாலும் சரிங்கறோம்!”

டீச்சர் சிரித்துக்கொண்டே செம்பை எடுப்பதற்குள் அவர் பாதிப் படி இறங்கிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே பட்டனில் இருந்த வார்த்தையை மாற்றினார். காதில் விழுந்தால் மட்டும் போதாது, ஆள் வந்து சேர வேண்டும் இல்லையா? ‘வந்துட்டேன்’ என்று எழுதினார். எழுதிவிட்டு இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் மூணாம் பெட்டி சிவந்தது.

மருதையன் போனில் மணி அடித்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் டேஷ்போர்டு பச்சையானது.

செங்கோட்டுவேல் பெட்டிக்குப் பக்கத்திலேயேதான் நின்றார். சுற்றிப் பார்த்தார். ஆளைக் காணோம். போனைப் போட்டார்.

“மருதா, எங்கடா இருக்கே?”

“வந்துட்டேங்கண்ணா!”

“வந்துட்டியா? இங்க நான் ஒருத்தன்தான்டா நிக்கிறேன்.”

“இதோ வந்துட்டேங்கண்ணா. சலூன்ல இருக்கேன். ஒரு பக்கம் முடிஞ்சிருச்சு, அந்தப் பக்கம் சோப்புப் போட்டிருக்காங்க.”

“அப்புறம் எதுக்குடா வந்துட்டேன்னு அமுக்குனே?”

“வராம எங்கீங்கண்ணா போகப் போறேன்?”

அதற்கு மேல் என்ன கேட்பது? அவரே ஓடிப்போய், மெயின் பலகையில் ட்ரிப்பாகி விழுந்து கிடந்த சுவிட்சை மேலே தூக்கிவிட்டார். பெட்டி உறுமத் தொடங்கியது. டேஷ்போர்டு அதுவரைக்கும் ஒன்றும் நடக்காத மாதிரி பச்சையாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

நேராக மடத்துக்குப் போனார்.

“டீச்சர், நம்ம பாஷையில ஒரு வார்த்தையைக்கூட நம்ப முடியாதுங்களா? பார்த்துக்கிறேன்னா பார்க்க மாட்டான். கிளம்பிட்டேன்னா இன்னும் குளிக்கல. வந்துட்டேன்னா சலூன்ல இருக்கான். நான் எந்த வார்த்தையைத்தான் போடுறது?”

டீச்சர் ஒரு டம்ளர் டீயை அவர் முன்னால் நகர்த்தினாள்.

“டீ சூடா இருக்குதுங்களாண்ணா?”

“இருக்குதுங்க, இருக்குதுங்க,” என்றார் அவர். ஒரு வீட்டில் டீ கொடுத்தால் வேறு எப்படிச் சொல்வது?

“குடிச்சீங்களா?”

“இல்லீங்க, இனிமேத்தான்.”

“தொட்டீங்களா?”

அவர் தொட்டார். விரலை எடுத்தார். மறுபடியும் தொட்டார்.

“ஆறிப் போயிருச்சுங்களே?”

“காலையில போட்டது.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

“டம்ளர் சொல்லிட்டுத்தாண்ணா இருந்துச்சு. நீங்கதான் அதைப் பேசவிடல.”

செங்கோட்டுவேல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தையல் மிஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

“அப்போ அந்தப் பட்டனே வேண்டாமுங்களா டீச்சர்?”

“போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்,” என்றாள் அவள். “பந்தியில ஒருத்தர் ‘சாம்பார்’ன்னாரு. பரிமாறுற அத்தனை பேரும் ‘சாம்பார், சாம்பார்’ன்னு கூவுனாங்க.”

“வந்துச்சுங்களா?”

“ரசம் வந்துச்சு.”

அவர் சிரித்துவிட்டார்.

“அப்புறம் அவரே, ‘ஏ சடையப்பா, சாம்பார்’ன்னாரு.”

“வாளியோட வந்து நின்னிருப்பானுங்களே!”

டீச்சர் எழுந்து அந்த ஆறின டீயைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அவள் சூடாக வேறு டீ போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, செருப்புச் சத்தம் தெருவில் கேட்டது.

வெள்ளிக்கிழமை முற்பகலில் முதலாளி குப்பண்ணன் வந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டேஷ்போர்டைப் பார்த்தார். எல்லாமே பச்சை.

“எல்லாம் பச்சையாத்தான் இருக்கும், நான் வர்ற அன்னைக்கு,” என்றார்.

பிறகு மூணாம் பெட்டியின் கதவை அகலத் திறந்தார். ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். அந்தக் காலத்தில் ஆறு கோழியோடு இந்தப் பண்ணையைத் தொடங்கின கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அது நீளமான கதை. கதவு திறந்தபடியே இருந்தது.

ரெண்டாவது கோழியை நரி தூக்கிக்கொண்டுபோன இடத்தில் டேஷ்போர்டு சிவந்தது.

பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்த மருதையனின் போன் மணி அடித்தது. அதில் இப்போது வார்த்தை எதுவும் இல்லை. பட்டனில் ‘மருதையன்’ என்று அவன் பேர்தான் இருந்தது. அமுக்கினான்.

டேஷ்போர்டில் சிவப்புக்குக் கீழே பேர் வந்து உட்கார்ந்தது: மருதையன்.

சிவப்பு அப்படியே இருந்தது.

“அமுக்கிட்டானா?” என்றார் முதலாளி.

“அமுக்கிட்டானுங்க.”

“அப்புறம் ஏன் இன்னும் சிவப்பு?”

“பெட்டி இன்னும் சொல்லலீங்க.”

மருதையன் ஈரக் கையோடு ஓடி வந்தான். “முதலாளி, கொஞ்சம் இப்படி நகருங்க,” என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

“இப்பச் சாத்திட்டானே. இப்பவும் சிவப்பா?”

“ஆமாங்க.”

“ஏப்பா வேலு, அன்னைக்கு என்னடான்னா முட்டை சில்லுனு இருக்கும்போது பச்சைன்னுச்சு. இன்னைக்குக் கதவைச் சாத்துன பிறகும் சிவப்புங்குது. இதை நம்பி நான் குஞ்சு விக்கறதா? கழட்டிரு.”

செங்கோட்டுவேலின் கை பாக்கெட்டுக்குள் போனது. போன் அங்கேதான் இருந்தது. பிளகினில் ஒரே ஒரு டிக். போட்டால் பழையபடி பச்சை. முதலாளி மனசும் பச்சை. பெருவிரல் அந்த இடத்தைத் தேடியது.

அடுத்த அறையில் காலையில் பொரித்த குஞ்சுகள் ஒரே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

“சூடு ஏறட்டுங்க முதலாளி. ஏறினா அதுவே மாறும்.”

“ஏறலைன்னா?”

“ஏறலைன்னா சிவப்பாவே இருக்கட்டுங்க.”

குப்பண்ணன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் போகவில்லை. மூன்று பேரும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். பெட்டி உறுமியது. டேஷ்போர்டில் எண் ஒரு புள்ளி ஏறியது. நின்றது. இன்னொரு புள்ளி ஏறியது. மருதையன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

யாரும் எதையும் தொடவில்லை. சிவப்பு போனது, பச்சை வந்தது. மருதையன் பேரும் மறைந்தது.

முதலாளி டேஷ்போர்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தன் கையில் இன்னும் இருந்த முட்டையைப் பார்த்தார்.

“வேலு.”

“சொல்லுங்க முதலாளி.”

“அந்த மணி யாரு போனுக்கெல்லாம் அடிக்கும்?”

“மருதையனுக்குங்க. அவன் எடுக்கலைன்னா எனக்குங்க.”

“என் பேரையும் போடு.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நாங்களே ஓடியாந்துருவோமுங்க.”

“திறந்து வெச்சவன் நானு. ஓடியாந்தவன் அவனா?” என்றார் குப்பண்ணன். “மொதல்ல என் பேரைப் போடப்பா.”