விலைபோகாத வளை

ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி தன் வளையை விற்கப் புறப்பட்டபோது மாமரம் பூத்திருந்தது. அப்புறம் காய்த்தது, பழுத்தது, பழம் விழுந்தது, விழுந்த கொட்டையும் முளைத்தது. வளை மட்டும் விலைபோகவில்லை!

வளையைக் குறை சொல்ல முடியாது. ஓடைக்கரை மேட்டில் இருந்தது. இரண்டு அறை. வேர் ஓடிய கூரை. உள்ளே ஒருமுறை தும்மினால் ஒரு குடும்பமே தும்மியதுபோலக் கேட்கும். அவ்வளவு விசாலம்!

ஊசிமுத்துவின் மனைவி சிலும்பாயி பிள்ளைப்பேற்றுக்காக ஓடைக்கு அக்கரையில் இருக்கும் அண்ணன் வளைக்குப் போயிருந்தாள். போகும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க! மழை வந்து ஓடை பெருகுறதுக்குள்ள இதை வித்துட்டு, கிழங்கு மூட்டையோட வந்து சேருங்க. கிழங்கு இருந்தாத்தான் அக்கரையில சொந்தமா ஒரு வளை வாங்கலாம். வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தீங்கன்னா, எங்கண்ணன் கிட்ட வீட்டோட மாப்பிள்ளைதான்!"

அந்த அண்ணன் இருக்கிறானே, அவன் அக்கரையில் சிரித்தால் இக்கரையில் இலை உதிரும். அந்தச் சிரிப்பை நினைத்தாலே ஊசிமுத்துவுக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கும்.

தரகு பேச ஓர் ஓணான் கிடைத்தான். பெயர் ஆமாஞ்சாமி. யார் எதைக் கேட்டாலும் மேலும் கீழும் தலையாட்டுவான். தரகுத் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? வளை விற்றால் வாசலோரம் இருக்கும் கறையான் புற்று அவனுக்கு. அதுதான் பேச்சு.

முதலில் முயல் வந்தது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வாசல் எந்தத் திசை?"

"உங்களுக்கு எந்தத் திசை ராசி?" என்று கேட்டான் ஆமாஞ்சாமி.

"கிழக்கு."

"கிழக்கேதான்!" என்று தலையாட்டினான்.

அந்த நேரம் பார்த்து, வாசலுக்கு நேர் எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது! அங்கே சூரியன் மறையுதே!"

"அது இன்னிக்கு மட்டும்தான்!"

முயல் ஒரே தாவலில் ஓடிப்போயிற்று.

அடுத்து வந்தது கீரி. சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. "எத்தனை நாளா விற்பனைக்கு இருக்கு?" என்று கேட்டது.

"மாம்பூ காலத்திலேர்ந்து" என்று உண்மையைச் சொல்லிவிட்டான் ஊசிமுத்து.

"அடேயப்பா! இத்தனை நாள் விலைபோகலைன்னா ஏதோ விவகாரம் இருக்கு. பாம்பு கீம்பு வந்து போகுதோ?"

"சத்தியமா இல்லைங்க! பாம்பு இந்தப் பக்கமே தலைகாட்டாது!"

"பாம்பே வராத இடத்துல கீரிக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டுக் கீரி நடையைக் கட்டியது.

பொன்னுக்கிளியும் வந்தாள். பொன்னுக்கிளி என்பது ஓர் எருமை. பெயர் வைத்தவன் குறும்பன்! வாசலில் மூக்கை நுழைத்தாள். மூக்கு மட்டும்தான் போயிற்று.

"எனக்கு அறையெல்லாம் எதுக்குண்ணே? படுத்துப் புரள ஒரு பள்ளம், அதுல கொஞ்சம் சேறு. அது இருந்தா போதும்" என்றாள்.

"பள்ளமா! இது குடும்பம் நடத்தின வளை, தாயி. பள்ளம் வேணும்னா வேற எங்கேயாவது பாரு!" என்று விரட்டினான் ஊசிமுத்து.

கடைசியாக வந்தது நரி. அது எல்லாவற்றையும் பார்த்தது. கூரையைத் தட்டியது. தரையில் புரண்டது. "வளை நல்லாத்தான் இருக்கு" என்றது. ஊசிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது. உடனே நரி கண்ணைச் சுருக்கியது. "நல்லா இருக்கிறதை எவனாவது விப்பானா?"

மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊசிமுத்துவுக்குப் பொறுமை அறுந்தது. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றான்.

"விக்கலை! போ! இந்த வளை யாருக்கும் இல்லை!"

போகத் திரும்பிய நரி அப்படியே நின்றது.

"விக்கலையா? ஏன் விக்கலை? நேத்து வரைக்கும் வித்தியே! உள்ளே என்னத்தைக் கண்டே?"

"எதையும் காணலை! விக்கலை, அவ்வளவுதான்!"

போதாதா? நரி சொல்லி முயலுக்குத் தெரிந்தது. முயல் சொல்லிக் கீரிக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் வாசலில் தேர்க்கூட்டம்!

"ஒரு மூட்டைக் கிழங்கு தர்றேன்!" என்றது நரி.

"ரெண்டு மூட்டை! மேலே ஒரு தேனடை!" என்றது கீரி.

"பாம்பு வராதே, பரவாயில்லையா?" என்று கேட்டான் ஊசிமுத்து.

"வர்றப்போ வரட்டும்! நான் காத்திருக்கேன்!"

முயல் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது. "மூணு மூட்டை! அதோட அக்கரையில உனக்கு ஒரு புது வளையும் நானே தோண்டித் தர்றேன்! தோண்டுறதுல எங்க வம்சத்தை அடிச்சுக்க ஆள் கிடையாது!"

"வாசல் மேற்காச்சே?"

"நான் பின்பக்கமா நுழைஞ்சுக்கறேன்!"

இதைவிட என்ன வேண்டும்? கிழங்கும் ஆயிற்று, அக்கரை வளையும் ஆயிற்று. ஆனால் ஊசிமுத்துவின் தலை பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 'நேற்று ஒன்றுமில்லை. இன்று மூன்று மூட்டை. அப்படியானால் நாளைக்கு? நாளை மறுநாள்? பாதிக் காட்டையே வாங்கிவிடலாமே!'

"விக்கிறதா இல்லை!" என்றான் தலையை நிமிர்த்தி.

அன்றுதான் அந்த அதிசயம் நடந்தது. ஆமாஞ்சாமி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான்! ஓணான் குலத்திலேயே அப்படி ஆட்டியது அவன் ஒருவன்தான்.

"வேண்டாம்ணே! மழை வாசல்ல நிக்குது. கொடுத்துடுங்கண்ணே!"

"நீ சும்மா இரு! யானைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். பெரிய இடம், பெரிய விலை!"

"யானை எப்படிண்ணே இதுக்குள்ள நுழையும்?"

"அது யானையோட பாடு!" என்று சொல்லிவிட்டு ஊசிமுத்து குதித்துக் குதித்துப் போனான்.

அவன் தலை மறைந்ததும் நரி ஓணானை நெருங்கியது. "ஆமாஞ்சாமி, நமக்குள்ள இருக்கட்டும். உள்ளே புதையல்தானே?"

பழக்கதோஷம்! ஆமாஞ்சாமியின் தலை மேலும் கீழும் ஆடிவிட்டது.

அவ்வளவுதான்! நரி உள்ளே பாய்ந்தது. கீரி சுவரைப் பறித்தது. முயல் வம்சப் பெருமை தெரியத் தோண்டியது. மண் மழையாகக் கொட்டியது. புற்றும் பறந்தது. கடைசியில் கிடைத்தது நான்கு பழைய முள்ளும், சிலும்பாயி தின்று போட்ட ஒரு கிழங்குத் தோலும்தான். அப்போது கூரை 'பொதக்'கென்று உட்கார்ந்தது. மூன்றும் மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தன.

அங்கே யானை, ஊசிமுத்து சொன்னதை முழுக்கக் கேட்டது. ஒரு தும்மல் தும்மியது. அந்தத் தும்மலில் ஊசிமுத்து உருண்ட உருட்டு, நேரே அவன் வீட்டு வாசலில் வந்துதான் நின்றது. வாசலைத்தான் காணோம்!

"பார்த்தியா? கூரை எவ்வளவு சொத்தை!" என்றது கீரி.

"அதான் இத்தனை நாளா விலைபோகலை!" என்றது நரி.

"மூணு மூட்டை சொன்னீங்களே!" என்று முயலின் காலைப் பிடித்தான் ஊசிமுத்து.

"அது வாசல் இருந்தப்போ சொன்னதுப்பா" என்று சொல்லிவிட்டு முயல் ஓடியது.

மழை பிடித்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. வளை இருந்த பள்ளம் நிறைந்து சேறாகிக் குழம்பியது. ஓடை கரையைத் தொட்டு ஓடியது. ஊசிமுத்து பள்ளத்தின் ஓரத்தில் நனைந்த துடைப்பம் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணே, இந்தப் பள்ளம் விலைக்கா?"

பொன்னுக்கிளி!

"விலைக்குத்தான் தாயி! விலைக்குத்தான்! எடுத்துக்கோ!"

"எங்கிட்ட கிழங்கு இல்லையே. வேணும்னா உங்களை முதுகுல ஏத்தி ஓடையைத் தாண்டி விட்டுடறேன்."

"அது போதும்! இப்பவே போதும்!"

"முள்ளை மட்டும் மடக்கிக்கிட்டு உக்காருங்க."

மடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தான். ஆனால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு முள் குத்தியது. எருமை இனம் தோன்றிய நாள் முதலாக எந்த எருமையும் அத்தனை வேகமாக ஓடையைக் கடந்ததில்லை! மீன்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன.

அக்கரையில் சிலும்பாயி இரண்டு குட்டிகளோடு நின்றாள். பக்கத்தில் அவள் அண்ணன்.

"வாங்க மாப்பிள்ளை! வளை வித்தாச்சா?"

"வித்தாச்சு மச்சான்!"

"என்ன கிடைச்சுது?"

ஊசிமுத்து மெதுவாக இறங்கினான். பொன்னுக்கிளியைப் பார்த்தான். தன் வெறுங்கையைப் பார்த்தான். "இந்தச் சவாரி" என்றான்.

மச்சான் சிரித்தான். இக்கரையில் இலை உதிர்ந்தது. புற்றும் போய் ஈரக் கிளையில் உட்கார்ந்திருந்த ஆமாஞ்சாமி, அந்தச் சிரிப்பைக் கேட்டு மேலும் கீழும் தலையாட்டினான்.

சிலும்பாயி இரண்டு குட்டிகளையும் ஊசிமுத்துவிடம் கொடுத்தாள். "நனையாம உள்ளே வாங்க, வீட்டோட மாப்பிள்ளை!" என்றாள்.

கேட்டபோது கொடுக்காதவன், கெட்டபிறகு கிடைத்ததற்குக் கொடுப்பான்.