புள்ளிக்காரியின் படுக்கை

ஆசைக்கு வாங்கி வளர்த்து, பிறகு வேண்டாமென்று விடப்பட்ட வெளிநாட்டுப் பாம்புகளுக்கு நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு காப்பகம் இருந்தது. அதை நடத்தியவர் ஜெபமலர். வயது முப்பத்தெட்டு. முன்பு பள்ளியில் விலங்கியல் நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

அவரிடம் பாடம் கேட்டவர் வேலப்பன். வயது அறுபத்தொன்று. தச்சர். கூண்டுகளுக்குக் கதவு போட வந்தவர். கதவுகள் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. வேலப்பன் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தார்.

"வேலைதான் முடிஞ்சுதே, வேலப்பண்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

"நாப்பது வருஷம் மரத்தைத் தொட்டாச்சு டீச்சர். மரம் என்னைத் திரும்பிப் பாத்ததே இல்ல. இது பாக்குது."

அவர் காட்டியது புள்ளிக்காரியை. நாலடி நீள மலைப்பாம்பு. கறுப்பு உடம்பில் பழுப்புத் திட்டுகள். ஆள் நெருங்கினால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். வேலப்பன் கையில் மட்டும் சுருளாமல் நீண்டு கிடந்தது.

டீச்சர் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் டீச்சர் மூன்று நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. சாவி வேலப்பனிடம் வந்தது. கூண்டுகளில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அவருடைய பட்டறையில் தேவதாரு மரச் சீவல் ஒரு சாக்கு இருந்தது. சுருள் சுருளாக, மெத்தென்று, பூச்சி அண்டாத சீவல். கைப்பிடி எடுத்து முகர்ந்தால் விட மனம் வராது. அதைக் கொண்டுவந்து புள்ளிக்காரியின் கூண்டில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினார். ராணி மாதிரி படுத்துக்கோ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மூன்றாம் நாள் காலையில் புள்ளிக்காரி கழுத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து வைத்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் சன்னமாகச் சீழ்க்கை அடிப்பதுபோல் ஒரு சத்தம். வாயோரம் நுரை கட்டியிருந்தது.

டீச்சர் வந்தார். கூண்டைப் பார்த்தார். பாம்பை எடுத்துக் காகிதம் விரித்த வேறு கூண்டில் விட்டு, கால்நடை மருத்துவரை வரவழைத்தார்.

ஊசி போட்டுவிட்டு மருத்துவர் சொன்னார்: "நெஞ்சில சளி கட்டிருக்கு. ஒரு வாரம் போகட்டும். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு வேலப்பன் டீச்சரிடம் வந்தார்.

"நல்லதுன்னு நெனச்சுதான் போட்டேன்."

"தெரியும்."

"என் பேத்தி தொட்டில்கூட அந்த மரத்துலதான் செஞ்சேன். அப்படி என்ன இருக்கு அதுல?"

டீச்சர் அந்தச் சீவலை எல்லாம் அள்ளிப் போய்ச் சாமான் அறையின் தரையில் கொட்டினார். ஜன்னலை அடைத்தார்.

"படுங்க அண்ணே."

"இங்கயா?"

"கவுந்து படுங்க. தாடை தரையில படணும்."

வேலப்பன் படுத்தார். டீச்சரும் கதவைச் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் அதேபோல் கவிழ்ந்து படுத்தார்.

முதலில் வேலப்பனுக்கு நன்றாகத்தான் இருந்தது. பட்டறை வாசம். கொஞ்ச நேரத்தில் தொண்டை அரித்தது. பிறகு கண் எரிந்து நீர் வழிந்தது. முகத்தைத் திருப்பினார்; திருப்பிய பக்கமும் அதே வாசம்தான். இருமல் வந்து எழுந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபது நிமிஷம்" என்றார் டீச்சர். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "அது மூணு நாள் இருந்துச்சு. வெளிய வர வழியில்ல. கதவை அவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க."

வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தினமும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை புள்ளிக்காரியின் கூண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் மூச்சில் சத்தம் நின்றது. அடுத்த மாதம் புள்ளிக்காரி இரை எடுத்தது. அன்றைக்குத்தான் அவரும் வயிறாரச் சாப்பிட்டார்.

அதன் பிறகு வேலப்பனுக்குக் காகிதத்தைத் தவிர வேறு பேச்சில்லை. பாம்புக் கூண்டில் மணல் போடலாமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா போனில் கேட்டார். "பேப்பர் போடுங்க" என்றார். தேங்காய் நார்த்தூள் நல்லதென்கிறார்களே என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். "பேப்பர் போடு மோளே. நான் பட்டது நீ படாதே" என்றார். காப்பகத்தில் இருந்த நார்த்தூள் மூட்டையையும் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டார். டீச்சர் அதைப் பார்த்தார்.

சித்திரை வெயிலில் புள்ளிக்காரியின் கண் பால்போல வெளுத்தது. உடம்பு மங்கியது. தோல் உரிக்கப் போகிறது என்று வேலப்பனுக்குத் தெரியும். புதுக் காகிதமாகப் பார்த்து விரித்தார். காலையும் மாலையும் மாற்றினார்.

தோல் முழுசாகக் கழன்று வரவில்லை. காய்ந்த சுண்ணாம்புபோலத் துண்டு துண்டாகப் பிய்ந்து, கழுத்திலும் வாலிலும் இறுகி ஒட்டிக்கொண்டது. இடது கண்மேல் பழைய தோல் மூடியபடியே நின்றுவிட்டது. தொட வந்த வேலப்பனை அது அடையாளம் காணவில்லை. பந்தாகச் சுருண்டுகொண்டது.

அவர் டீச்சரிடம் ஓடினார்.

"பேப்பர்தான் போட்டிருந்தேன் டீச்சர். வேற எதையும் கிட்டவே சேக்கல."

டீச்சர் கொல்லைக்குப் போய் அந்த மூட்டையைப் பிரித்தார். நார்த்தூளைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிழிந்து, ஒரு மூடியுள்ள டப்பாவில் நிரப்பினார். பக்கத்தில் ஒரு துளை வெட்டி, கூண்டுக்குள் வைத்தார்.

புள்ளிக்காரி வெகுநேரம் அசையவில்லை. பிறகு சுருளை அவிழ்த்தது. நாக்கை நீட்டித் துளையைத் தேடியது. மெல்ல உள்ளே போய், மூக்கு மட்டும் வெளியே தெரியப் புதைந்துகொண்டது.

இரண்டு நாள் அதற்குள்ளேயே கிடந்தது. மூன்றாம் நாள் வெளியே வந்தபோது உடம்பு எண்ணெய் பூசியதுபோலப் பளபளத்தது. கண்ணை மூடியிருந்த தோல் நார்த்தூளில் உரசி உதிர்ந்திருந்தது.

வேலப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் அடுக்கி வைத்திருந்த செய்தித்தாள்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அப்ப நார்த்தூள்தான் சரியா டீச்சர்? பேப்பரை எல்லாம் எடுத்துரட்டுமா? ஒரே வார்த்தை சொல்லிருங்க. சாகிறவரை மாத்த மாட்டேன்."

டீச்சர் கையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டார்.

"அன்னைக்கு நல்ல காத்து வேணும்னு அது வாயைத் திறந்து சொல்லுச்சு. இன்னைக்கு ஈரம் வேணும்னு தோல்ல எழுதிக் காட்டுச்சு. அது உங்ககிட்டதான் சொல்லுது, அண்ணே. நீங்க ஏன் என்கிட்ட வந்து கேக்குறீங்க?"